தும்மல் கழற்றிய டயர்

சந்திரனுக்கு,

உன் கடிதம் நேற்று தோட்டத்து ஆபீஸ் தபாலோடு வந்தது. நலமா, சாப்பிடுகிறாயா, சிங்கப்பூரில் மழையா என்று நான் வழக்கமாகக் கேட்பதெல்லாம் இதில் இருக்காது. நான் கோபமாக இருக்கிறேன். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் கோபப்பட்டு நீ பார்த்ததில்லை. அதனால் உனக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். மெதுவாகவே படி. இரண்டு பக்கம் முழுக்க டயரைப் பற்றி எழுதியிருக்கிறாய். "சித்தி, முன்சக்கரத்துக்கு வெள்ளை ஓரம் வைத்தது போட்டால் கல்யாண ஊர்வலத்தில் எடுப்பாக இருக்குமா, இல்லை கறுப்பே போதுமா? உங்களுக்குத்தான் ரசனை உண்டு, சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். அந்த இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன் தங்கை கோமதியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அவள் கை ஒடிந்தது உன் காரில். அந்தக் காருக்கு வெள்ளை ஓரம் நன்றாக இருக்குமா என்று என்னைக் கேட்கிறாய்.

டயரைப் பற்றித்தானே பேச வேண்டும் என்கிறாய். பேசுவோம். தோட்டத்துச் சின்ன துரை சீமைக்குத் திரும்பியபோது அந்தக் காரை உன் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். பின்பக்கம் படகு மாதிரி கூம்பியிருக்கும். முன்மூடியை ஒரு தோல்வாரால் இறுக்கிக் கட்டியிருக்கும். நீ அதை முதன்முதலாக வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது உன் அப்பா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, எழுதிய கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஆபீஸிலிருந்து அப்படியே இறங்கி வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, கதவே இல்லாத வண்டிக்குள்ள எப்படிடா ஏறுறது? குதிச்சா?" என்றார். "ஸ்போர்ட்ஸ் காருப்பா. குதிச்சுத்தான் ஏறணும்," என்றாய். "கிராணி வேலை பாக்குற நானு குதிச்சு ஏறணும். சரி. எறங்கறப்ப நாலு பேரு தூக்கி எறக்குவாங்க போல," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார். கோமதி மட்டும் கைதட்டினாள். அவள்தான் முதலில் குதித்து ஏறினாள். உனக்கு அது நினைவிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பலகையின் மேல் போட்டு வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டாய். பேசத் தெரியாதவள் நன்றாகக் கேட்பாள் என்று உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துச் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த நான் எழுந்து வந்தேன். டயரின் ஓரத்தை இரண்டு கையாலும் பிதுக்கிக் காட்டினாய். "பாருங்க சித்தி, புது டயர்ல ஓரத்துக்குள்ள எஃகுக் கம்பி ஓடும். இதுல அது கிடையாது. வெறும் ரப்பர் உதடு. இந்த உதடு ரிம்முல இருக்கற கொக்கிக்குள்ள போயி மாட்டிக்கும். அதை அங்கேயே பிடிச்சு வெச்சிருக்கறது எது, சொல்லுங்க பாப்போம்?"

"பசையா?" என்றேன்.

"பசையா! காத்து, சித்தி. வெறும் காத்து. உள்ள இறுக்கமா காத்து இருக்கற வரைக்கும் யானை கட்டி இழுத்தாலும் வராது. காத்தைக் கொறைச்சீங்க, ஒரு வளைவுல வெடுக்குன்னு திருப்பினா போதும், டயர் தனியா, காரு தனியா. பி.ஏ.ல இதெல்லாம் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்களே?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். என் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் படி தாண்டியவர் எவரும் இல்லை. அதனால் எனக்கு யார் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம். நீ சொன்னதையும் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். உனக்கு அது இப்போது இடைஞ்சலாக வந்து நிற்கிறது.

உன் நிச்சயதார்த்தத்தன்று காலையில் சமையலறை ஜன்னலில் இருந்தேன். பெக்கான் நானாஸில் சம்பந்தி வீட்டுக்கு நாங்கள் வாடகைக் காரிலும், நீயும் கோமதியும் சீர்த்தட்டோடு உன் காரிலும் போவதாக ஏற்பாடு. கோமதி பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, போன தடவை கெலாங் பாத்தா ரோட்டுல என் பல்லெல்லாம் ஆடிப் போச்சு. தட்டுல இருக்கற பழமெல்லாம் கூழாத்தான் போயி சேரும்," என்றாள். "இன்னிக்குப் பாரு, பல்லக்குல போற மாதிரி இருக்கும்," என்று சொல்லிவிட்டு நீ சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாய். உன் ஆபீஸ் நண்பன் புதுக்கார் வாங்கியிருக்கிறான், அதன் டயர் மெத்துமெத்தென்று உப்பலாக இருக்கிறது, குறைந்த காற்றிலேயே ஓடுகிறது, செம்மண் சாலையில் மேடு பள்ளமே தெரிவதில்லை என்று நீ ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தாய். அந்தச் சுகத்தை உன் பழைய காரிலும் காட்டிவிட வேண்டும், சம்பந்தி வீட்டு வாசலில் மிதந்தபடி போய் நிற்க வேண்டும் என்று உனக்கு ஆசை. காற்றுக்குழாயின் மூடியைத் திருகி, நகத்தால் அழுத்தினாய். புஸ்ஸென்று சத்தம் வந்தது. எழுந்து அடுத்த சக்கரத்துக்குப் போனாய். அங்கும் அதே சத்தம். கோமதி வேடிக்கை பார்க்கக் குனிந்து உன் தோளுக்கு மேலாக முகத்தை நீட்டினாள்.

அப்போதுதான் அவள் தும்மினாள். சந்திரா, இந்த இடத்தை இரண்டு முறை படி. சக்கரம் முழுவதும் செம்மண் தூசி. நீ திறந்துவிட்ட காற்று அந்தத் தூசியைக் கிளப்பி அவள் மூக்கில் அடித்தது. அவள் தும்மினாள். ஒரே ஒரு தும்மல். உள்ளே பூ வைத்துக்கொண்டிருந்த உன் பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு, "ஒத்தத் தும்மலா? கெளம்பற நேரத்துல யாரு அது?" என்று குரல் கொடுத்தார். "நாந்தான் பெரியம்மா," என்று கோமதி மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு மறைக்கத் தெரியாது. ஒரு குவளைத் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு கிளம்பினோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாய். பழம் வைத்த கையால் காற்றையும் திரும்ப அடித்திருக்கலாம். பம்பு உன் காலடியிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வாடகைக் காரின் முன்கண்ணாடி வழியாக நான் முழுவதும் பார்த்தேன். அன்னாசிக் காடு தொடங்கும் இடத்தில் சாலை வலப்பக்கம் வளைகிறது. நீ வேகத்தைக் குறைக்காமல் திருப்பினாய். இடது முன்சக்கரத்திலிருந்து டயர் சட்டையைக் கழற்றிப் போட்டது போல் கழன்று வந்தது. கார் ஒரு பக்கம் சாய்ந்து, வெறும் ரிம் மண்ணை உழுதுகொண்டு போய்ச் சாக்கடைக்குள் இறங்கியது. டயர் மட்டும் நிற்காமல் நேராக அன்னாசிச் செடிகளுக்குள் உருண்டுகொண்டு போயிற்று. அங்கே பழம் வெட்டிக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் "அலமாக்!" என்று கத்தியபடி அதற்கு வழிவிட்டுத் துள்ளினார். கோமதியைக் காணோம். தட்டு ஒரு பக்கம், கற்கண்டு ஒரு பக்கம், அவள் சாக்கடையின் மறுகரையில். நீ எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டாய். பிறகு நீ முதலில் எங்கே போனாய் என்று நினைவிருக்கிறதா? சக்கரத்துக்குப் போனாய். குனிந்து ரிம்மின் கொக்கியை விரலால் தடவிப் பார்த்தாய். "டேய், மொதல்ல பொண்ணைப் பாருடா!" என்று உன் அப்பா அலறிய பிறகுதான் அவள் பக்கம் திரும்பினாய். அந்த விரலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன நடந்தது என்று அந்த நொடியிலேயே உனக்குத் தெரியும்.

காற்றைக் குறைத்தது முட்டாள்தனம். அதை மன்னித்துவிடுவேன். பழைய காரைப் புதுக்கார் போல் ஓட்டிப் பார்க்க ஆசைப்படாத பிள்ளை உண்டா? என் கோபம் அதற்கு இல்லை. சம்பந்தி வீட்டுக் கூடத்தில் கோமதி ஒடிந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து டிரெஸரை அழைத்துவரப் போன ஆளுக்காகக் காத்திருந்தாள். அந்த நேரத்தில் உன் பெரியம்மா எல்லாரும் கேட்கும்படி, "அப்பவே நெனச்சேன். நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப ஒத்தத் தும்மல். இவ ராசி அப்படி," என்றார். எல்லாரும் உன்னைத்தான் பார்த்தார்கள். வண்டி ஓட்டியவன் நீ. இயந்திரம் தெரிந்தவன் நீ. வரைபட ஆபீஸில் துரைமாரோடு வேலை செய்கிறவன் நீ. "இல்ல பெரியம்மா, காத்தை எறக்கினது நான்" என்று நீ சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். நீ தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமா பெரியம்மா, எனக்கும் அப்பவே மனசுல என்னமோ பட்டுச்சு," என்றாய்.

என்னமோ பட்டதாம்! தும்மலிலும் பூனை குறுக்கே போவதிலும் உனக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை. வீட்டில் யாராவது ராகுகாலம் என்றால் வேண்டுமென்றே அப்போதுதான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவாய். அப்படிப்பட்டவன் அன்று மட்டும் சகுனத்தை நம்பினாய். உன் பெரியம்மா பொய் சொல்லவில்லை. அவர் நம்பியதைச் சொன்னார். நம்பாத நீதான் அதை எடுத்துப் போர்த்திக்கொண்டாய். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அப்பாவின் சவரக் கண்ணாடி உடைந்தது. பூனை தள்ளிவிட்டது என்று நீ சொன்னாய். பாவம், அந்தப் பூனையைச் சாக்கில் கட்டிக் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் கடைசி லயத்தில் கொண்டு போய் விட்டார்கள். அன்று பூனை இருந்தது. இன்று தங்கை இருக்கிறாள்.

உன் ஒரு வாக்கியம் இங்கே என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று சிங்கப்பூரில் இருக்கும் உனக்குத் தெரியாது. போன வாரம் பெரியம்மா மறுபடி வந்தார். "தாலியில மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடட்டும். மத்த ரெண்டு முடிச்சை கோமதி போட வேணாம். எம்பொண்ணு போடட்டும். அவளும் தங்கச்சி மொறைதானே, ராசிக்காரி," என்றார். உன் அப்பா பேப்பரைப் பார்த்தபடியே, "பெரியவங்க பார்த்துச் செய்யுங்க," என்றார். நான் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, "கோமதிதானே கூடப் பொறந்தவ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் பெரியம்மாவுக்குக் கேட்டது. "பி.ஏ. படிச்சவங்களுக்குத் தும்மலைப் பத்தி என்ன தெரியும்? புஸ்தகத்துல போட்டிருக்கா?" என்றார். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் காது சுட்டது. சமையலறைக்குள் போய்விட்டேன்.

அன்று மத்தியானம் அவள் அறை வழியாகப் போனேன். கட்டில் காலில் ஒரு மஞ்சள் கயிற்றைச் சுற்றி, மூங்கில் பத்தை கட்டிய இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருந்தாள். பெரியம்மா சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. இருந்தும் பழகினாள். என்னைப் பார்த்ததும் கயிற்றைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, "சும்மாதான் சித்தி," என்றாள். இன்னொன்றும் சொல்கிறேன். இப்போதெல்லாம் அவளுக்குத் தும்மல் வந்தால் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுகிறாள். கிணற்றடியில் நின்று, யாருக்கும் கேட்காமல் தும்மிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருகிறாள். பதினாறு வயதுப் பெண். அவள் மூக்கையே நீ அவளுக்கு எதிரியாக்கி வைத்திருக்கிறாய்.

இனி நீ கேட்ட டயருக்கு வருகிறேன். ஜோகூர் பாருவில் டயர்க் கடைச் சீனத் தவுக்கே மூன்று வழி சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதே பழைய உதட்டு டயர் அவர் கிடங்கில் உறை பிரிக்காமல் இருக்கிறது. அது வேண்டாமென்றால் தேய்ந்த டயருக்குப் புது மேல்தோல் ஒட்டித் தருகிறார். இரண்டும் வேண்டாமென்றால் சக்கரத்தின் வளையத்தையே மாற்றிக் கம்பி வைத்த புது மாதிரி டயர் போட வேண்டும், ஆனால் காரின் பழைய அழகு போய்விடும். உன் மனம் கிடங்கில் இருப்பதன் பக்கம் சாய்கிறது; அதிலும் முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும். புத்தம் புதுசு, ஒரு நாள்கூட ஓடாதது என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். ஓடாத ரப்பர் புதுசு என்று உனக்கு யார் சொன்னது? நீ பிறந்ததே கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில். என் பள்ளிக்கூட அலமாரியில் ஒரு பெட்டி ரப்பர் வளையம் இருந்தது. சிக்கனமாக இருக்கட்டும் என்று எடுக்காமலே வைத்திருந்தேன். ஒரு நாள் எடுத்து இழுத்தேன். ஒவ்வொன்றும் நூல் போல் அறுந்தது. ஒரு பிள்ளையும் அதைத் தொட்டதில்லை. சும்மா இருந்தே கெட்டுப்போயிற்று. அந்த டயரின் பக்கவாட்டை வெயிலில் வைத்து மடக்கிப் பார். மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தால், அது எவ்வளவு பளபளத்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வா. மேல்தோல் ஒட்டியதையும் தொடாதே. மேலே புதுசும் உள்ளே நைந்ததுமாக இருக்கும் எதையும் இப்போது எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் உனக்குப் புரியும்.

வளையத்தையே மாற்று. நான்கு சக்கரத்துக்கும் மாற்று. முன்னால் ஒரு மாதிரி, பின்னால் ஒரு மாதிரி என்று போட்டால் மழை நாளில் கார் உன் பேச்சைக் கேட்காது. இதையும் நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். மாற்ற மனமில்லையா, பழையதே வேண்டுமா, சரி. அப்படியானால் அதற்குரிய இறுக்கமான காற்றை அடித்து, பல்லெல்லாம் ஆட ஆட ஓட்டு. அது பழைய கார். அதன் குணம் அது. அதன் மேல் நீ வைத்த ஆசைக்கு அதன் குலுக்கல்தான் விலை. அதை வேறொருவர் எலும்பில் வாங்காதே. நாளை அந்த இருக்கையில் உன் மனைவியாகச் சரசு உட்காரப் போகிறாள். அவள் வீட்டில் பெண் கேட்டபோது, "பையன் எப்படி?" என்று அவள் அம்மா என்னைத்தான் தனியாக அழைத்துக் கேட்டார். "நல்ல பையன்" என்றேன். இரண்டே சொல். நான் வளவளவென்று பேசுகிறவளாக இருந்தால் அந்தம்மா அதை நம்பியிருக்க மாட்டார். இனி எந்தச் சக்கரம் எங்கே கழன்றாலும், அதற்குச் சரசுவின் காலடி ராசி என்று யாரோ சொல்வார்கள். நீ தலையைச் சொறிவாய். அதை நினைத்தால் நான் அன்று சொன்ன அந்த இரண்டு சொல்லையும் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

உண்மையை நானே சொல்லிவிடலாமே என்று நீ நினைக்கலாம். சொல்லிப் பார்க்கவும் நினைத்தேன். "சித்திக்காரி, மூத்தவள் பிள்ளை மேல் பழி போடுகிறாள்" என்று ஊரே முடித்துவிடும். உன்னைப் பெறாதவள் சொல்லும் உண்மைக்கு அவ்வளவுதான் எடை. உன் வாயால் வந்தால் மட்டுமே அது உண்மை. ஆகவே பந்தக்கால் நடும் நாளன்று நீ வருகிறாய். உன் அப்பா இருப்பார், பெரியம்மா இருப்பார், சம்பந்தி வீட்டிலிருந்தும் வருவார்கள். எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது, "காத்தை எறக்கினது நான். அந்தத் தூசியிலதான் அவ தும்மினா" என்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பரிந்து பேசுகிற தொனியில் சொல்லாதே. பெரிய தியாகம் செய்கிறவன் போலவும் சொல்லாதே. அன்று என்னிடம் டயரின் உதட்டைப் பிதுக்கிக் காட்டி விளக்கினாயே, அந்தக் குரலில் சொல். பெரியம்மா கோபிக்கலாம், அப்பா பேப்பரைக் கீழே வைக்கலாம், நாலு பேர் சிரிக்கலாம். சிரித்தால் காது சுடும். சுட்டால் செத்துப்போக மாட்டாய். எனக்கு நன்றாகத் தெரியும்.

நீ சொல்லாவிட்டால், மணவறையில் நாதஸ்வரம் உரக்கக் கிளம்புவதற்கு முன்னால் நான் எழுந்து நின்று சொல்வேன். சித்தி கொடுமை என்று பெயர் வந்தாலும் வரட்டும். என் குரல் உள்ளே போகும், ஆனாலும் சொல்லி முடிக்காமல் உட்கார மாட்டேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை.

வெள்ளை ஓரமா, கறுப்பா என்று கேட்டாயே. கறுப்பே போதும். ஆனால் அது கடைசி வேலை. முதல் வேலை வேறு. கோமதி இந்த வீட்டு நடுக்கூடத்தில், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, உன் பெரியம்மாவுக்கு நேர் எதிரில் நின்று, மூக்கைப் பொத்தாமல், வாய்விட்டு ஒரு தும்மல் தும்ம வேண்டும். நீ பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் போய் டயர் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

உன் சித்தி